எத்தனை காலைகள் கைக்கு வரும்? இலங்கைக்கு முதல் பறவைப் பயணம் போகிறவர்களுக்கு

பத்து நாள் பயணம் என்று திட்டம் போட்டு இலங்கைக்குப் பறவை பார்க்கப் போகிறவருக்கு உண்மையில் கிடைப்பது ஏழு காலைகள்தான். முதல் நாளும் கடைசி நாளும் விமான நிலையத்தோடு சரி. நடுவில் ஒரு காலை எப்படியும் சாலையில் கரையும். மழைக்காட்டில் பறவைகள் விடிந்ததிலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரம்தான் மும்முரமாக இருக்கும். ஒன்பதரைக்கு மேல் காடு அடங்கிவிடும். பிறகு மாலை நாலு மணிவரை வெறும் இலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே விடுதி, வண்டி, பாதை, நுழைவுச்சீட்டு எதை முடிவு செய்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது என் காலைகளில் ஒன்றைத் தின்றுவிடுமா? முதல் முறை போகிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

சிறிய தீவு என்றாலும் பதிவான பறவை இனங்கள் சுமார் 500. அவற்றில் உலகில் வேறெங்கும் இல்லாத ஓரிடவாழ்விகள் ஏறக்குறைய 34. எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும். இவற்றில் பெரும்பாலானவை தென்மேற்கு மழைக்காடுகளிலும் நடு மலைநாட்டிலும்தான் இருக்கின்றன. தீவு முழுவதையும் சுற்ற வேண்டிய அவசியம் இல்லை.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், பிறகு பயணச்சீட்டு

ஓரிடவாழ்விகள் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும். வலசைப் பறவைகள் செப்டம்பர், அக்டோபரில் வரத் தொடங்கி ஏப்ரலில் கிளம்பிவிடும். ஆறுமணிக்குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான், கரையோர உள்ளான்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வருகின்றன. இரண்டு வகையும் வேண்டுமென்றால் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் போக வேண்டும்.

அந்த ஆறு மாதங்களும் ஒன்றுபோல இருக்காது. அக்டோபர், நவம்பரில் தீவு முழுக்க பிற்பகல் இடிமழை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கிழக்கையும் வடக்கையும் நனைக்கும், சில ஆண்டுகளில் புயலும் சேரும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை உள்ள காலம்தான் பாதுகாப்பானது. ஒரே மாதத்தைச் சொல் என்றால் பிப்ரவரி. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை சிங்கராஜா மழைக்காட்டில் கொட்டித் தீர்க்கும். அப்போது போனால் அட்டைகளுக்குத்தான் கொண்டாட்டம்.

மாதம் முடிவானதும் இந்த நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டுத் தவிர்த்துவிடுங்கள்:

- பௌர்ணமி தோறும் வரும் போயா விடுமுறை. ஹோட்டன் சமவெளியிலும் சிங்கராஜாவிலும் அன்று பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். காட்டுப்பாதையில் கூச்சல் இருந்தால் அன்றைய காலை போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.
- சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் நடு வாரங்கள். நுவரெலியாவில் அறை கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் வாடகை பல மடங்கு ஏறியிருக்கும்.
- டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவம். வார இறுதிகளில் ஹட்டன் பக்கம் சாலை நெரிசலாக இருக்கும். அந்த வழியே போவதாக இருந்தால் கிழமை பார்த்துப் போங்கள்.

2. ஆவணங்கள்: வீசாவைப் பத்து நாட்களுக்கு முன்பே முடியுங்கள்

சுற்றுலாப் பயணிகளுக்கு இணையவழி முன் அனுமதி வேண்டும். ஈ.டி.ஏ. என்பார்கள். சாதாரணமாக 30 நாள் தங்கலாம். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறும். சில நாட்டவருக்குத் தள்ளுபடி அறிவிப்பார்கள், கொஞ்ச நாளில் எடுத்தும் விடுவார்கள். ஆகவே நண்பர் போன வருடம் கட்டிய தொகையை நம்பாமல், விண்ணப்பிக்கும் அன்று குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் பாருங்கள்.

பொறி இங்கேயே காத்திருக்கிறது. தேடுபொறியில் மேலே வந்து நிற்கும் தளங்களில் பல இடைத்தரகர்களுடையவை. பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும், கட்டணம் மட்டும் இரட்டிப்பு. முகவரி ‘கவ் டாட் எல்கே’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள். கடவுச்சீட்டு எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் அந்த அனுமதி செல்லாது. மறுபடி விண்ணப்பித்து மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும். பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’வும் மாறுவதுதான் வழக்கமான தவறு.

இவற்றை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்:

- இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டின் முதல் பக்க நகல். பூங்காக்களில் நுழைவுச்சீட்டு வாங்கவும் இது பயன்படும். இரண்டு மூன்று நகல் எடுங்கள்.
- அனுமதி வந்த மின்னஞ்சல், திரும்பும் பயணச்சீட்டு, முதல் இரண்டு இரவுகளுக்கான விடுதிப் பதிவு.
- கேமரா, பெரிய லென்ஸ், தொலைநோக்கி ஆகியவற்றின் வரிசை எண்களும் வாங்கிய ரசீதும். சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது சுங்கத்தில் கேட்டால் காட்டலாம், திருட்டுப்போனால் காப்பீட்டுக்கும் உதவும்.

ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள். இலங்கையில் பறக்கவிட விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். வனஜீவராசிப் பூங்காக்களுக்குள் பேச்சே இல்லை.

மலேரியா மாத்திரை வாங்கி அலைய வேண்டாம். 2016லேயே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. டெங்கு இருக்கிறது. அது பகல் கொசு, எனவே முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் பகலிலேயே வேண்டும்.

3. வண்டியும் சாரதியும்: பேச்சில் விடாதீர்கள், எழுதி வாங்குங்கள்

வண்டி எடுத்துச் சொந்தமாக ஓட்டலாம் என்ற ஆசை பலருக்கு வரும். பன்னாட்டு உரிமத்துக்கு மேல் அங்கே தனியாக ஓர் அனுமதியும் வாங்க வேண்டும். மலைச்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும். விடிகாலை நாலரைக்கு எழுந்து நாள் முழுக்க நடந்தவர் அதற்குப் பிறகு வண்டி ஓட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. சாரதியோடு வண்டி அமர்த்துங்கள். நான்கு பேர் சேர்ந்தால் தலைக்கு வரும் செலவு பெரிதாக உறுத்தாது.

பேசும்போது இந்த ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். செய்தியாக அனுப்பி ‘சரி’ என்று பதில் வந்தாலே போதும்.

- ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு.
- எரிபொருளும் அதிவேகச் சாலைக் கட்டணமும் சேர்த்தா, தனியா.
- சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு. பல விடுதிகளில் சாரதிக்கென அறை உண்டு. சிங்கராஜா ஓரத்துச் சிறு விடுதிகளில் இருக்காது, முன்பே கேளுங்கள்.
- காலை 4.30க்கு வண்டி கிளம்ப வேண்டும். சுற்றுலாச் சாரதிகளுக்குக் காலை எட்டு மணிதான் பழக்கம். முதல் நாளே இந்தச் சண்டை வரும்.
- கடைகளில் நிறுத்தக் கூடாது. மசாலாத் தோட்டம், இரத்தினக் கடை, மரச் சிற்பக் கடை என்று வரிசையாக நிறுத்துவார்கள், அவர்களுக்குத் தரகு. ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் போகும்.

பறவை வழிகாட்டி வேறு, சாரதி வேறு. சாரதி வழிகாட்டி என்று இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தனி உரிமம் தருகிறது. அந்த உரிமம் இருப்பதனால் மட்டும் அவருக்குப் பறவை தெரியும் என்று பொருளில்லை. பரிசோதிக்க ஒரு வழி: “சிங்கராஜாவில் கலப்புக் கூட்டம் (பல இனப் பறவைகள் சேர்ந்து நகரும் கூட்டம்) வந்தால் முதலில் எந்தக் குரலைக் கேட்பீர்கள்?” என்று கேளுங்கள். தயங்காமல் சிலம்பன் என்றோ கரிச்சான் என்றோ சொன்னால் நம்பலாம். மயில், சிறுத்தை, யானை என்று பேச்சு திரும்பினால் அவர் சஃபாரி ஆள்.

கையில் பணம் குறைவு என்றால் பயணம் முழுவதற்கும் வழிகாட்டி வைக்காமல், கித்துல்கல காட்டிலும் சிங்கராஜாவிலும் மட்டும் உள்ளூர் ஆளை அமர்த்துங்கள். ஆந்தையும், தவளைவாயன் என்ற இரவுப் பறவையும் பகலில் எந்தக் கிளையில் உறங்குகின்றன என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். மன்னாரிலும் வறண்ட நிலக் குளங்களிலும் எல்லாம் திறந்தவெளி, நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

4. பாதையை வரிசைப்படுத்துதல்

நகர்வதெல்லாம் பகல் பத்து மணிக்கு மேல், நாலு மணிக்குள். அப்படி அமைத்தால் காலையும் தப்பும், மாலையும் தப்பும். ஓர் இடத்தில் ஒரே இரவு தங்கினால் ஒரு காலைதான் கிடைக்கும், மழை வந்தால் அதுவும் இல்லை. பன்னிரண்டு நாளுக்கு ஒரு வரிசை (கடைசியில் வரும் நீர்கொழும்பு இரவு இதில் சேரவில்லை):

- கட்டுநாயக்கவிலிருந்து கித்துல்கல, 2 இரவு (சாலையில் 3 மணி நேரம்)
- சிங்கராஜா, குடவ வாசல் பக்கம், 3 இரவு (இரத்தினபுரி வழியே 3 முதல் 4 மணி)
- திஸ்ஸமகாராமை, 2 இரவு (வழியில் உடவளவை)
- நுவரெலியா, 2 இரவு (வெல்லவாய, வெலிமடை வழியே 5 மணி)
- மன்னார், 2 இரவு (இது நெடும்பயணம். சிகிரியாவில் ஓர் இரவு நின்றால் உடம்பு தாங்கும்)

எட்டே நாள்தான் என்றால் திஸ்ஸவையும் மன்னாரையும் வெட்டுங்கள், சிங்கராஜாவைக் குறைக்காதீர்கள். மூன்று நாளும் மழை பெய்யாது என்று அங்கே யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு விமானத்தில் வருகிறவர்கள் இதைத் தலைகீழாக, மன்னாரில் தொடங்கலாம். நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பலை நம்பித் தேதி குறிப்பதாக இருந்தால் முன்னும் பின்னும் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். பருவமழைக் காலத்தில் அது ஓடாமல் நின்றுவிடும்.

மலைநாட்டில் கனமழை பெய்தால் மண்சரிவு எச்சரிக்கை வரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் பிரதேசமாக வெளியிடுகிறது. இரத்தினபுரியும் நுவரெலியாவும் அந்தப் பட்டியலில் அடிக்கடி அடிபடும் மாவட்டங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் அந்தச் சாலையை விடுங்கள், பறவை எங்கும் போகாது.

5. கட்டணங்கள்: பலகையில் இருப்பது முழுத்தொகை இல்லை

சிங்கராஜா வனத் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி, உடவளவை, புந்தல, யால எல்லாம் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ். இரண்டாவதில்தான் பணப்பை கரையும். வெளிநாட்டவர் கட்டணத்தை டாலரில் குறித்து, ரூபாயில் வாங்குவார்கள். அதோடு நிற்காது. ஆள் கட்டணம், ஒரு குழுவுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், எல்லாவற்றின் மேலும் 18 சதவீத வாட் வரி என்று நான்கு அடுக்கு.

கணக்குக்காக ஆள் கட்டணம் 20 டாலர், குழுச் சேவை 8 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் போகிறவருக்கு 28, வரியோடு 33. நான்கு பேர் சேர்ந்து போனால் 88, வரியோடு சுமார் 104, தலைக்கு 26. வாகனக் கட்டணமும் ஜீப் வாடகையும் இப்படியே பங்காகும். முதல் நாள் மாலை விடுதியில் “நாளைக்கு யாராவது ஹோட்டன் போகிறீர்களா?” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. “உங்களைப் பார்த்தால் நம்ம ஆள் மாதிரிதான், உள்ளூர்ச் சீட்டு எடுத்துத் தருகிறேன்” என்று யாராவது சொல்வார்கள். உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டவர் கட்டணத்துக்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும். ஆசை வரத்தான் செய்யும். அடையாள அட்டை கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். திருப்பி அனுப்பினால் அன்றைய காலையும் போச்சு. சார்க் நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சலுகை உண்டா என்று கேட்டுப் பாருங்கள், அது நேர்மையான வழி. கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

காட்டோரக் கிராமங்களில் ரொக்கம்தான் செல்லும். இரத்தினபுரியிலோ களவானையிலோ பணம் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

இருநோக்கி 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கம், 42 மி.மீ. முன்கண்ணாடி. பத்து மடங்கு வாங்கினால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது திறந்தவெளிக்குச் சரி. மழைக்காட்டின் தரை காலை ஏழு மணிக்கும் இருட்டாகவே இருக்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ., 10ஆல் வகுத்தால் 4.2 மி.மீ. தரையில் தத்தும் பூங்குருவியின் மார்புப் புள்ளிகள் தெரிவதும் தெரியாததும் இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

குளிரூட்டிய அறையில் இருநோக்கியை வைத்துவிட்டுக் காலையில் வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படியும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும், முதல் அரைமணி நேரம் வீண். இரவே கழிவறையிலோ பூட்டிய தாழ்வாரத்திலோ, குளிர்க்காற்று படாத இடத்தில் வைத்துவிடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து பைக்குள் கிடக்கட்டும்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) மன்னாருக்கும் புந்தலவுக்கும் மட்டும். அங்கே அது இல்லாமல் போவது பாதிப் பயணம். சிங்கராஜாவில் சுமை.

அட்டைக் காலுறை கட்டாயம். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை வரும், சிங்கராஜா வாசலிலேயே கிடைக்கும். காற்சட்டையை உள்ளே விட்டு, மேலே இறுக்கிக் கட்டி, அதன்மேல் சப்பாத்து. சாதாரணக் காலுறையின் பின்னலுக்குள் அட்டை தாராளமாக நுழையும். கடித்துவிட்டால் உப்பும் நெருப்பும் வைக்காதீர்கள், வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். தோலோடு நகத்தை நீட்டி, வாய்ப்பக்கத்தை நெம்பித் தள்ளினால் விழுந்துவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் ஒன்றிரண்டு மணி நேரம் கசியத்தான் செய்யும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு வைத்து ஒட்டிவிட்டு நடையைத் தொடருங்கள்.

பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியில் இலங்கைப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் இருக்காது.

7. சிங்கராஜா: இங்கேதான் நேரத்தைக் கொட்ட வேண்டும்

மூன்று வாசல்கள் முக்கியமானவை. களவானை வழியே குடவ, தெனியாய வழியே பிட்டதெனிய, இறக்குவானை வழியே மார்னிங் சைட். முதல் முறை போகிறவர்கள் குடவையே தேர்ந்தெடுங்கள். பாதை அகலம், ஏற்றம் குறைவு, உள்ளூர் வழிகாட்டிகளும் அதிகம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். விடுதிக்குப் பணம் கட்டும் முன் எந்த வாசல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘சிங்கராஜா அருகே’ என்று விளம்பரம் போட்ட விடுதி மலைக்கு மறுபக்கம் தெனியாயவில் இருந்தால், குடவ போய்ச் சேர அரை நாள் ஆகும்.

சிக்கல் என்னவென்றால் சீட்டு கொடுக்கும் இடம் திறப்பதற்குள் நன்றாக விடிந்துவிடும். அதனால் முதல் ஒரு மணி நேரத்தைக் காட்டோரத்துத் தோட்டங்களில் கழியுங்கள். நீல மேக்பை, சிங்களத்தில் கெஹிபெல்லா, விடிந்ததும் விடுதி விளக்கைச் சுற்றி இரவில் விழுந்த பூச்சிகளைப் பொறுக்க வரும். தேசியப் பறவையான காட்டுக்கோழியும் தேயிலைச் செடிகளுக்கு இடையே மேயும். ஹபன் குக்குளா எனும் ஸ்பர்ஃபவுலின் (கௌதாரி போன்ற தரைப்பறவை) குரல் எங்கும் கேட்கும், ஆள் தெரியாது. அது வரும் கொல்லைப்புறங்கள் சில குடவையில் உண்டு, வீட்டுக்காரர்களுக்குச் சிறு தொகை கொடுத்துவிட்டு உட்காரலாம். உள்ளூர் வழிகாட்டியிடம் முதல் நாள் மாலையே கேட்டு வையுங்கள்.

உள்ளே போனதும் செய்யும் பெரிய தவறு, நிற்காமல் நடப்பது. அரைமணி நேரம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களின் கிசுகிசுப்பு கேட்கும், கூடவே கரிச்சானின் கணீர்க் குரல். கலப்புக் கூட்டம் வருகிறது என்று பொருள். பத்துக்கும் மேற்பட்ட இனங்கள், முப்பது நாற்பது பறவைகள் ஒரே அலையாக வந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடந்துவிடும். சிலம்பன்கள் புதரை உலுக்கிப் பூச்சியைக் கிளப்ப, கரிச்சான் காவல் காத்துக்கொண்டே பறக்கும் பூச்சியைப் பிடிக்கும். மற்றவை இந்த இரண்டின் பாதுகாப்பில் பிழைக்கின்றன.

குரல் கேட்டதும் அதை நோக்கி ஓடாதீர்கள். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் போய் நில்லுங்கள். சிலம்பனில் கண்ணை வீணாக்க வேண்டாம், அது நாள் முழுக்கக் கிடைக்கும். நடுக்கொம்புகளில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தீக்காக்கையைத் தேடுங்கள், வயிற்றுச் சிவப்பு காட்டிக்கொடுக்கும். பிறகு கண்ணை உச்சிக்குக் கொண்டு போங்கள். செம்முக மல்கோஹா சத்தமே இல்லாமல், பறக்காமல், அணில் போலக் கொடிகளில் ஏறி நகரும். கூட்டம் போய்விட்டது என்று எல்லோரும் இருநோக்கியைத் தாழ்த்தும்போது வால் பக்கத்தில் வரும் ஆசாமி அது. இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்பவருக்குக் கிடைக்கும்.

பச்சை அலகுச் செண்பகத்தைக் கண்ணால் தேடிப் பயனில்லை. ஆழ்ந்த, இரட்டை ஒலி வரும் மூங்கில் புதரைப் பார்த்து மாலை நாலரைக்கு மேல் உட்கார வேண்டும். கித்துல்கலயில் களனி ஆற்றைத் தாண்டிய மாகந்தாவக் காட்டிலும் இதே முறைதான். செரன்டிப் சிற்றாந்தையை, 2001இல்தான் முதன்முதலில் கண்ணால் கண்டு, 2004இல் புதிய இனமாக விவரித்தார்கள். உறங்கும் இடத்தை வழிகாட்டி கண்டுபிடித்திருந்தால் மட்டும் போங்கள். பாதை விட்டுச் செங்குத்தாக இறங்க வேண்டியிருக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

8. நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும்

மலை உச்சிக்கென்றே ஆறு ஓரிடவாழ்விகள்: மரப்புறா, சீட்டிப் பூங்குருவி, மங்கல்நீல ஈப்பிடிப்பான், மஞ்சள்காதுச் சின்னான், புதர்க்கதிர்க்குருவி, வெள்ளைக்கண்ணி. ஐந்து அவசரப்படாமல் நடந்தால் கிடைத்துவிடும், மரப்புறாவுக்கு மட்டும் பழுத்த மரம் அமைய வேண்டும். சீட்டிப் பூங்குருவி அப்படி இல்லை. வெளிச்சம் பரவும் முன்னும் அந்தி மங்கும்போதும் கொஞ்ச நேரம்தான் வெளியே வரும். பட்டிப்பொல வழியில் சாலையோரம் இருக்கும் சிறு குளத்துக்கு அரெங்கா குளம் என்றே பெயர், இந்தப் பறவையின் பழைய பேரினப் பெயர் அது. நுவரெலியாவில் 4.30க்குக் கிளம்பி, ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது முதல் வண்டியாக நில்லுங்கள். ஆறரைக்குப் போனால் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள்.

2,100 மீட்டருக்கு மேலான இடம். ஜனவரி, பிப்ரவரி விடிகாலையில் புல்லில் உறைபனி படியும். கையுறையும் காது மூடும் தொப்பியும் வேண்டும், பத்து மணிக்கு எல்லாவற்றையும் கழற்றுவீர்கள். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பாலித்தீன் உறை, பிஸ்கட் தாள், தண்ணீர்ப் போத்தலின் பிளாஸ்டிக் சுற்றுத்தாள் எல்லாவற்றையும் கிழித்து எடுப்பார்கள். வரிசையில் பத்து நிமிடம் போகும். சாப்பாட்டை டப்பாவில், தண்ணீரை உலோகப் போத்தலில் கொண்டு போனால் உடனே உள்ளே. விடுதியில் காலை உணவு எட்டு மணிக்குத்தான். முதல் நாள் இரவே கட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

மாலையை நகர நடுவில் உள்ள விக்டோரியா பூங்காவுக்கு வையுங்கள். மாநகர சபையின் சீட்டு, அதிகச் செலவில்லை. பூச்செடிகளை விட்டுவிட்டு, பின்புறம் ஓடும் நாற்றமெடுத்த ஓடைக்குப் போங்கள். இமயத்திலிருந்து வந்த கறுப்புவெள்ளைப் பூங்குருவியும், காஷ்மீர் ஈப்பிடிப்பானும், ஆறுமணிக்குருவியும் அந்தச் சாக்கடையோரத்துப் புழுவுக்காகத்தான் இறங்குகின்றன. நாலு முதல் ஆறு மணி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பது. ஒரு காலையும் செலவாகாமல் கிடைக்கும் பறவைகள் இவை.

9. வறண்ட தெற்கு

யாலவுக்குப் போகச் சொல்லிச் சாரதி வற்புறுத்துவார். அங்கே ஜீப்புகள் சிறுத்தையைத் துரத்தும், ஒரு குக்குறுவானுக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள். பறவைக்குப் புந்தல போதும், 1990லேயே இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக (பன்னாட்டு ஒப்பந்தப்படி முக்கியமான ஈரநிலம்) அறிவிக்கப்பட்ட இடம். ஜீப் பேசும்போதே “பறவைக்கு நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும், எஞ்சினை அணைக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். திஸ்ஸ குளக்கரைக்கும் தெபரவெவ தென்னந்தோப்புகளுக்கும் சீட்டே தேவையில்லை.

10. மன்னார்

இங்கே மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். வங்காலை சரணாலயம், மன்னார்த் தாம்போதி, தலைமன்னார்க் கரை, கட்டுக்கரைக்குளம். இவை நான்கையும் இரண்டு நாளில் முடிக்கலாம். பூநாரைக் கூட்டம் எந்த உப்பேரியில் நிற்கிறது என்பது அந்த வாரத் தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. ஊர் மீனவர்களைக் கேட்டால் நேராகச் சொல்வார்கள். நண்டுதின்னியும் ஆலாக்களும் வெகு தூரத்தில் நிற்கும், எட்டரைக்கு மேல் கானல் எழுந்து ஸ்கோப்பில் எல்லாம் நெளியும். முதுகில் வெயில் விழும் கரையைத் தேர்ந்தெடுத்து விடிந்ததும் நில்லுங்கள்.

இராமர் பாலத்து மணல்திட்டுகள் தேசியப் பூங்கா, கடற்படைக் காவலும் உண்டு. “என் மச்சானிடம் படகு இருக்கிறது” என்பது அனுமதி ஆகாது. காவல் சாவடிகளின் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள்.

11. குரலை ஒலிபரப்பிக் கூப்பிடாதீர்கள்

பதிவுக் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்க வழிகாட்டி முன்வருவார், நீங்கள் ஆசைப்படுகிறீர்கள் என்று நினைத்து. வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். குடவையின் ஒரே பாதையில் பருவம் முழுக்க வரும் ஒவ்வொரு குழுவும் அதே செண்பகத்தைக் கூப்பிட்டால், அது எதிரியைத் தேடி அலைவதிலேயே நாளைக் கழிக்கும். கொஞ்ச நாளில் பதில் சொல்வதையும் நிறுத்திவிடும். ஜோடியாகச் சருகு போல உறங்கும் தவளைவாயன் மீது ஃபிளாஷ் அடிக்கவும் கூடாது. பறவை கிடைக்காத நாளிலும் வழிகாட்டிக்கு அன்பளிப்பைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்தவர்களுக்கு அவர் ஒலிபெருக்கியோடுதான் வருவார்.

12. கடைசி இரவு நீர்கொழும்பில்

விமான நாளன்று மலையிலிருந்து இறங்கும் திட்டம் வேண்டாம். ஒரு லாரி பழுதானால் சாலை மூன்று மணி நேரம் அடைபடும். முதல் நாளே நீர்கொழும்புக்கு வந்துவிட்டால் விமானம் மாலையில் இருக்கும்போது ஒரு காலை உபரியாகக் கிடைக்கும். முத்துராஜவெல சதுப்பில் விடிகாலைப் படகு பிடித்து, ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம்.

பெட்டி கட்டும் முன் சட்டைப்பை, புத்தக இடுக்கு, கேமராப் பை எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். வழியில் பொறுக்கிய மயிலிறகோ நீல மேக்பையின் வால் சிறகோ ஏதாவது ஒன்று இருக்கும். கீழே கிடந்ததுதானே என்ற பேச்சு சுங்கத்தில் எடுபடாது, வனஜீவராசிச் சட்டத்தில் இறகும் பறவையின் பாகம்தான். விடுதித் தோட்டத்திலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.